பெரட்டு மணியிலிருந்து உணரிக் கருவி வரை: தோட்டத்துக் கணக்கு யார் கையில்?

விடியற்காலை நான்கரை மணி. இருட்டு கலையவில்லை. மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்ட தண்டவாளத் துண்டை யாரோ இரும்புக் கம்பியால் அடிக்கிறார்கள். லயத்து வீடுகளில் ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய் விளக்கு எரிகிறது. சற்று நேரத்தில் பெரட்டுக் களத்தில் ஆள்கள் வரிசை பிடித்து நிற்க, கிராணி பெயர் வாசிக்கிறார். பெயருக்கு உரியவர் குரல் கொடுத்தால் செக்ரோல் புத்தகத்தில் ஒரு கோடு விழும். அந்தக் கோடு விழுந்தால்தான் அன்றைக்குக் கூலி.

ரந்தாவ், சிலியாவ், லிங்கி, லாபு, பாகாவ் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ இன்று 'பொருள்களின் இணையம்' என்று பேசுகிறார்கள். குளிர்சாதனப் பெட்டி கைப்பேசிக்குத் தகவல் அனுப்புகிறது, வீட்டுக் கதவு தானே திறக்கிறது, வயலில் நட்டு வைத்த கருவி மண்ணின் ஈரத்தைச் சொல்கிறது என்கிறார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டங்களின் நூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், இந்தப் புதிய தொழில்நுட்பம் எழுப்பும் முக்கியமான கேள்வி அங்கே எப்போதோ எழுந்துவிட்டது தெரியும்.

கணக்கால் கட்டிய தோட்டம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் பெருகியபோது, லிங்கி பிளாண்டேஷன்ஸ் போன்ற கம்பெனிகளின் பங்குகள் லண்டனில் கைமாறின. பங்கு வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரு ரப்பர் மரத்தைக்கூடக் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்களுக்கு வேண்டியது எண்கள்தாம். இத்தனை ஏக்கர், இத்தனை மரம், இத்தனை ராத்தல் ரப்பர். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையில் 1891இலேயே ரயில் ஓடியது. சரக்கு ரயிலில் போனது. கணக்கு தபாலிலும் தந்தியிலும் கடல் கடந்தது.

இந்த எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன? ஆளிடமிருந்தும் மரத்திடமிருந்தும் மழையிடமிருந்தும் வந்தன. பெரட்டில் ஆள் எண்ணப்பட்டார். கங்காணி முறை நடந்த காலத்தில், தன் ஆள்கள் வேலைக்கு வந்த தலைக்கு இவ்வளவு என்று கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஆகவே ஆள் எண்ணிக்கை வெறும் எண்ணிக்கையாக இருக்கவில்லை. அதற்குள் இன்னொருவருடைய வருமானமும் இருந்தது. உடம்புக்கு முடியாதவரையும் பெரட்டுக்கு இழுத்து வந்ததன் காரணம் இதிலிருந்து விளங்கும்.

மரத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. விடிவதற்கு முன்பே பால்மரம் சீவக் காரணம் உண்டு. குளிர்ந்த நேரத்தில் பட்டைக்குள் அழுத்தம் அதிகமாக இருக்கும், பால் நன்றாக ஓடும். ஏறக்குறைய ஐந்நூறு மரத்தைச் சீவி முடித்து, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து, காண்டாவில் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்கு வந்தால், அங்கே கிராணி மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியைப் பாலுக்குள் இறக்குவார். அது எவ்வளவு மூழ்குகிறது என்பதைப் பார்த்து, அந்தப் பாலில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று கணக்கிடுவார்கள். கூலி அந்த உலர்ந்த எடைக்குத்தான்.

இன்றைய மொழியில் சொன்னால் மெட்ரோலாக் ஓர் உணரி. பாலின் தன்மையை அளந்து எண்ணாக மாற்றுகிறது. அந்த எண்ணைப் படித்தவர் கிராணி, எழுதியவர் கிராணி, பாலைக் கொண்டு வந்தவருக்குச் சொன்னவரும் கிராணிதான். பாலில் தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று ஸ்டோர் குறை சொல்லும். அளவில் கை வைத்துவிட்டார்கள் என்று லயம் குறை சொல்லும். எந்தப் பக்கம் உண்மை இருந்தது என்பது நாளுக்கு நாள், ஆளுக்கு ஆள் மாறியிருக்கும். ஆனால் சந்தேகத்தைத் தீர்க்கும் எண் எப்போதும் ஒரு பக்கத்திலேயே இருந்தது. நேர்மையான கிராணிகளும் இருந்தார்கள். பாட்டாளிகளின் கடிதங்களைப் படித்துச் சொல்லி, மனு எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். குறை மனிதரிடம் மட்டும் இல்லை, ஏற்பாட்டிலேயே இருந்தது.

மழைமானியும் அப்படித்தான். தோட்ட ஆபீஸ் முன்னால் ஒரு செம்புக் குழாய். காலையில் தேங்கிய நீரை அளந்து புத்தகத்தில் எழுதுவார்கள். பால்மரம் சீவுகிறவருக்கு மழை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் கூலி இல்லை. பட்டை நனைந்தால் பால் கோட்டை விட்டு வழிந்து வீணாகும். நெகிரி செம்பிலானிலும் ஜெலுபு வட்டாரம் தீபகற்ப மலேசியாவிலேயே மழை குறைந்த இடம். மேற்கே கடலை ஒட்டிய தோட்டங்களின் கதை வேறு. ஒரே மாநிலத்தில், ஒரே தொழிலில், மலையின் எந்தப் பக்கம் குடியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து மாத வருமானம் மாறியது.

1941இல் அண்டை மாநிலமான சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தம் பலருக்குத் தெரியும். துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க மாட்டோம் என்ற கோரிக்கையைப் பலரும் நினைவு வைத்திருக்கிறார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து போக வேண்டும் என்பதும் அந்தப் பட்டியலில் இருந்தது. வெளியுலகத் தொடர்பு அன்றைக்கே போராடிக் கேட்க வேண்டிய ஒன்றாக இருந்திருக்கிறது.

லைன் வீட்டுக்கு லைன் வந்த கதை

தோட்டத்தில் தொலைபேசி என்றால் ஆபீசில் ஒன்று, துரை பங்களாவில் ஒன்று. ஊரில் சாவு என்றாலும் பிள்ளைப்பேறு என்றாலும் செய்தி ஆபீஸ் வழியாகத்தான் வரும். கடிதமும் அங்கேதான் இறங்கும். பிறகு பாட்டரி வானொலி வந்தது. மலாயா வானொலியின் தமிழ்ப்பகுதி லயத்துத் திண்ணைக்கு வந்தது. மாலையில் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம்தான் மின்விளக்கு, தொலைக்காட்சி எல்லாம். ஜெனரேட்டர் நின்றால் படம் பாதியில் நிற்கும். 1990இல் வந்த தொழிலாளர் வீடமைப்பு, வசதிகளுக்கான குறைந்தபட்சத் தரச் சட்டத்துக்குப் பிறகு நிலைமை சிறிது சிறிதாக மாறியது.

மலேசியாவில் முதல் கைப்பேசிச் சேவை 1985இல் 'அத்தூர்' என்ற பெயரில் தொடங்கியது. காரில் வைத்துப் பேசும் பெரிய பெட்டி அது; தோட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1995க்குப் பிறகு இலக்கமுறைச் சேவைகள் போட்டி போட்டுக்கொண்டு வந்து, முன்பணம் கட்டிப் பேசும் அட்டைகள் மளிகைக் கடையிலும் விற்கத் தொடங்கிய பிறகுதான் லயத்துக்குக் கைப்பேசி வந்தது. வந்தும் என்ன? நெடுஞ்சாலையை ஒட்டிய இடங்களில் பேச முடியும். உள்ளே போனால் கோயில் மேட்டில் ஏறி நின்று கையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். தோட்டத்தில் 'லைன்' என்றால் ஒரு காலத்தில் வீடு. பிறகு அதுவே அலை கிடைக்கும் இடத்தின் பெயராயிற்று!

ஐபோன் 2007இல் வந்தது, ஆண்டிராய்டு கைப்பேசி அடுத்த ஆண்டே வந்தது. விலை இறங்க இறங்க, திறன்பேசி தோட்டத்து வீட்டின் முதல் கணினியாகவும் முதல் நிழற்படக் கருவியாகவும் ஆனது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கிப் பள்ளிகள் மூடியபோது அதுவே வகுப்பறையும் ஆனது. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே கைப்பேசி, அதுவும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விட்டார் என்ற நிலை பல குடும்பங்களில் இருந்தது. 2021 இறுதியில் நாடு முழுவதும் 3ஜி சேவை நிறுத்தப்பட்டது. பழைய கருவி வைத்திருந்தவர்கள் புதியது வாங்க வேண்டியதாயிற்று.

கைப்பேசிக்கும் பொருளுக்கும் என்ன உறவு?

பொருள்களின் இணையம் என்ற பெயருக்கு வருவோம். அந்த எண்ணம் சோம்பலில் பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் சிலர், குளிர்பான இயந்திரத்தில் பாட்டில் இருக்கிறதா, குளிர்ந்துவிட்டதா என்று நடந்து போய்ப் பார்க்க அலுத்து, அதைக் கணினி வலையில் இணைத்தார்கள். 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் காப்பிப் பானையின் முன்னால் ஒரு காமிராவை வைத்தார்கள். 1999இல் கெவின் ஆஷ்டன் இதற்குப் பெயர் சூட்டினார். அவர் அப்போது புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தில் இருந்தார். கடை அலமாரியில் ஒரு குறிப்பிட்ட உதட்டுச் சாயம் அடிக்கடி தீர்ந்து போவது யாருக்கும் தெரியாமல் இருப்பதைப் பார்த்து, பொருளிலேயே சில்லைப் பொருத்தினால் அதுவே தன் இருப்பைச் சொல்லுமே என்று யோசித்தவர் அவர். செம்பனை எண்ணெயிலிருந்து வரும் மூலப்பொருளைச் சோப்புக்கும் ஷாம்புக்கும் வாங்கும் நிறுவனங்களில் அதுவும் ஒன்று என்பது நமக்கு ஒரு சுவையான தகவல்.

திறன்பேசி, திறன் கருவி, பொருள்களின் இணையம் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. திறன்பேசி மனிதர் கையில் இருப்பது. அவர் தொட்டால் பேசும். செம்பனைத் தோட்டத்தில் நட்டு வைத்த ஈரம் அளக்கும் கருவிக்கு யாரும் தொட வேண்டியதில்லை. ஒரு மணிக்கு ஒரு முறை சில எழுத்துகள் அளவே உள்ள தகவலை அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். அதனால்தான் ஒரே பாட்டரியில் ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. இதற்கென்றே தொலைதூரம் போகும், மின்சாரம் குறைவாகக் குடிக்கும் லோரா போன்ற அலைமுறைகள் வந்தன. மேட்டில் ஒரு வாங்கிக் கருவியை வைத்தால் சுற்றியுள்ள பல கருவிகளின் தகவலை அது திரட்டி இணையத்தில் சேர்க்கும். ஓலை அடர்ந்த செம்பனைக் காட்டில் ஈரமான இலைகள் அலையை உறிஞ்சுவதால் தூரம் குறையும் என்பது நடைமுறைச் சிக்கல்.

கைப்பேசிக்கு இதில் இரண்டு வேலை. கருவிகள் சொன்னதை மனிதருக்குக் காட்டும் சன்னல் அது. அதே நேரத்தில் அதுவும் ஒரு பொருள்தான். ஜிபிஎஸ், திசைகாட்டி, அசைவை அறியும் உணரி, வெளிச்சத்தை அளக்கும் உணரி என்று அதற்குள்ளேயே ஒரு கூட்டம் இருக்கிறது. கைப்பேசி வைத்திருப்பவர் கருவியைப் பார்க்கிறார். அவரையும் ஒரு கருவி பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கருவிகளின் வயிற்றில் இருக்கும் பாகங்களுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் நெருக்கமான உறவு உண்டு. மோட்டோரோலாவின் குறைகடத்தி ஆலை சிரம்பானில் இயங்கியது. 1999இல் அந்தப் பிரிவு ஆன் செமிகண்டக்டர் என்ற தனி நிறுவனமானது. 1990களில் தொலைக்காட்சிப் படக்குழாய் செய்த சாம்சுங் ஆலை பின்னர் லித்தியம் மின்கலம் செய்யும் ஆலையாக மாறியது. ரப்பர் மரங்கள் அழிந்து செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோதும், வெளியேறிய குடும்பங்களின் பெண்பிள்ளைகளைச் செனவாங் தொழிற்பேட்டையின் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போனது. அம்மா மங்கில் பால் சேர்த்தார். மகள் உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அடியில் மயிரிழை போன்ற கம்பியைச் சில்லில் பொருத்தினார். பொருள்களின் இணையத்தை யார் செய்தார்கள் என்று கேட்டால், ஆஷ்டன் பெயரோடு நின்றுவிடாமல் இரவு ஷிப்டு பார்த்த இந்தப் பெண்களையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். வரலாற்று நூல்களில் அவர்களுக்கு இன்னும் ஒரு பக்கம்கூட ஒழுங்காகக் கிடைக்கவில்லை.

குலைக்கும் முகவரி

இன்றைய செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் கையில் நோட்டுப்புத்தகத்துக்குப் பதிலாகக் கைப்பேசி இருப்பதைப் பல இடங்களில் காணலாம். எந்தப் பாத்தியில், யார், எத்தனை குலை வெட்டினார், காய் எத்தனை, பழம் எத்தனை என்று செயலியில் பதிவாகிறது. ட்ரோன் மேலே பறந்து மரங்களை எண்ணுகிறது. மரத்தை எண்ணி இலக்கம் தருவது இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. ஜெலுபு மாவட்டத்துப் பாசோ காட்டில், 1980களில் 50 ஹெக்டர் ஆராய்ச்சிக் களம் அமைத்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களுக்கு ஒவ்வொன்றாக அடையாள இலக்கம் கட்டினார்கள். அது அறிவியலுக்காக.

தோட்டத்தில் எண்ணுவது சந்தைக்காக. மலேசிய நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய்ச் சான்றிதழ் 2020 முதல் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டு வந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை எண்ணெயோ ரப்பரோ அங்கே விற்பனைக்கு வரக்கூடாது. விளைந்த நிலத்தின் புவி ஆயத்தொலைவுகளைக் காட்ட வேண்டும். நான்கு ஹெக்டருக்கு மேல் என்றால் நிலத்தின் எல்லைக்கோட்டையே வரைந்து தர வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் இருமுறை தள்ளிப்போனது. ஆனாலும் வேலை தொடங்கிவிட்டது. பெரிய கம்பெனிகளிடம் வரைபடப் பிரிவே உண்டு. ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர் கையில் திறன்பேசியுடன் எல்லையைச் சுற்றி நடக்கிறார். லண்டன் பங்குதாரருக்கு ஏக்கர் கணக்குப் போன காலம் போய், இப்போது ஐரோப்பியக் கடைக்காரருக்கு ஒவ்வொரு பாத்தியின் முகவரியும் போகிறது.

இத்தனை கணக்கில், வெட்டியவர் தன் கணக்கைப் பார்க்கிறாரா? இதுதான் பெரட்டுக் களத்திலிருந்து தொடர்ந்து வரும் கேள்வி. சம்பள விவரத்தை எழுதித் தர வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் கீழ் வந்த விதி. ஒப்பந்தக் கூலியை எப்படிக் கணக்கிடுவது என்பதில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் 1954இல் தொடங்கிய காலத்திலிருந்து மேசையில் உட்கார்ந்து வாதாடியிருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் கிடைக்கும் துண்டுச் சீட்டில் மொத்தம்தான் தெரியும். எந்த நாள் எத்தனை குலை கழிக்கப்பட்டது, ஏன் என்று தெரியாது. செயலிக்குள் அது நாள்வாரியாக, நிமிடவாரியாக இருக்கிறது. அதை வெட்டியவரின் கைப்பேசிக்கும் அன்றே அனுப்புவது தொழில்நுட்பத்துக்குப் பெரிய வேலையே அல்ல. செய்ய மனம் வேண்டும், அவ்வளவுதான். தன்னைப் பற்றிய தரவைக் கேட்டுப் பார்க்கும் உரிமையைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இலேயே எழுதி வைத்தது. 2024இல் செய்த திருத்தம், தரவை வேறிடத்துக்கு மாற்றிக் கேட்கும் உரிமையையும் சேர்த்தது. இந்தச் சட்டம் வங்கி வாடிக்கையாளருக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

பிறர் கையில் இருக்கும் கணக்கை நம்பி வாழ்ந்ததற்கு நம்மவர்கள் கொடுத்த விலை சிறியதல்ல. தோட்டத்தில் வீட்டிலேயே பிறந்து, பிறப்புப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் ஏராளம். தோட்டம் கைமாறியபோது செக்ரோல் புத்தகங்களும் தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவேடுகளும் எங்கே போயின என்று யாரும் கேட்கவில்லை. பின்னாளில் அடையாளக் கார்டுக்கு மனுச் செய்தபோது, இந்த மண்ணில்தான் பிறந்தோம் என்று காட்டத் தாள் இல்லை. அப்படிப்பட்டவர்களைப் பதிவு செய்ய அரசாங்கம் 2011 பிப்ரவரியில் 'மைடஃப்தார்' என்ற இயக்கத்தையே நடத்த வேண்டியதாயிற்று. சிவப்புக் கார்டோடு முதுமை அடைந்தவர்கள், அதுவும் இல்லாமல் இறந்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. செண்டாயான் தோட்டம் இருந்த இடத்தில் இன்று புதுநகரம். லாபு வட்டாரத்துத் தோட்ட நிலத்துக்கும் பெரிய நகரத் திட்டம் இருக்கிறது. புத்தகம் தொலைந்த மாதிரியே, நிறுவனம் மாறும்போது சர்வரில் இருக்கும் கணக்கும் தொலையலாம். கரையான்கூடத் தேவைப்படாது.

ஒரு கணக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே கிராணி மேசைக்கு வெளியே இருந்தது. 1951இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி. ஆண்டுக்கொரு முறை வரும் அந்த அறிக்கையைத் தோட்டத்துப் பெரியவர்கள் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகி வைத்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். இன்று அது கைப்பேசிச் செயலியில் மாதந்தோறும் தெரிகிறது. முதலாளி இந்த மாதம் கட்டினாரா இல்லையா என்று லயத்துத் திண்ணையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அந்தத் திண்ணைகளில் இப்போது பெரும்பாலும் தமிழர்கள் இல்லை. லொம்போக்கிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் இருக்கிறார்கள். 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து அவர்களுக்கும் சேமநிதி கட்டாயமானது. தொழிலாளியிடமிருந்து 2 விழுக்காடு, முதலாளியிடமிருந்து 2 விழுக்காடு. குலை வெட்டி முடித்து, கை கழுவிவிட்டு, மேட்டில் ஏறி லைன் தேடுகிறவர்கள் இனி அந்தக் கணக்கையும் திறந்து பார்ப்பார்கள்.